தேயாத பெடல்

அத்தியாயம் 14

மூன்று வாரமாக எதிர்வீட்டு க்ளெனிஸ் முன்னறைத் திரையை விலக்கவில்லை. விலக்கினால் இந்தப் பக்கம் நிற்கும் நெரிஸுக்குக் கையசைக்க வேண்டியிருக்கும். முப்பது வருடப் பழக்கம், சட்டென்று விடாது. அதற்காகவே பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள்.

கோபத்தில் நியாயம் இருந்தது. நெரிஸின் மகன் கெத்தின் ஓட்டிய பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனவள் க்ளெனிஸின் மகள் டெலித். புல்க் மலைப்பாதை இறக்கத்தில், மழையில், ஓர் ஆடு குறுக்கே வந்தது. கெத்தினுக்கு வலது கை ஒடிந்தது, கட்டோடு வீட்டில் இருக்கிறான். டெலித்துக்கு இடுப்பெலும்பு மூன்று இடத்தில் போயிற்று. நாளெல்லாம் நின்றபடி முடிவெட்டிப் பிழைக்கிற பெண் அவள். மறுபடி அப்படி நிற்க முடியுமா என்று கேட்டால் டாக்டர்கள் பேச்சை மாற்றுகிறார்கள். வீங்கிய விரலிலிருந்து கெத்தின் போட்ட நிச்சயதார்த்த மோதிரத்தை அறுத்து எடுத்த கதையைத்தான் சென்ற வாரம் பார்த்தோம்.

இன்று செவ்வாய்க்கிழமை. மூன்று மணிக்கு இன்ஷூரன்ஸ் சர்வேயர் பைக்கைப் பார்க்க வருகிறார்.

காலையில் முதல் வேலையாக நெரிஸ் கொல்லைக் கொட்டகைக்குப் போனாள். வண்டி சுவரில் சாய்ந்து நின்றது. அவள் வண்டியைப் பார்க்கவில்லை. இடது கைப்பிடியில், க்ளட்ச் பிடிக்குக் கீழே இருந்த சின்ன இரும்பு லிவரைத்தான் பார்த்தாள். அவள் புருஷன் இட்ரிஸ் தன் கையால் அறுத்து, ராவி, வளைத்துச் செய்தது.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் இரும்பாலையில் இட்ரிஸின் வலது பாதம் நசுங்கியது. செருப்பு நுழையும், ஆனால் அழுத்தம் கொடுக்க முடியாது. பின் சக்கரத்து ப்ரேக்கை வலது காலால்தானே மிதிக்க வேண்டும்? வண்டியை விற்றுவிடு என்று ஊரே சொன்னது. அந்த மனிதன் ஒரு குளிர்காலம் முழுக்கக் கொட்டகையிலேயே கிடந்து, கால் பெடலைக் கழற்றிவிட்டு, அந்த ப்ரேக்கைக் கட்டைவிரலுக்குக் கொண்டுவந்தான். ஞாயிற்றுக்கிழமை மலை உச்சியில் ஐஸ்க்ரீம் வண்டி நிற்குமிடத்தில் பைக்காரர்கள் கூடினால், எல்லாரும் அந்த லிவரை ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். அவன் செத்து ஐந்து வருடமாகிறது. வண்டி கொட்டகையிலேயே தூங்கியது. இந்த ஏப்ரலில் கெத்தின் பெரிய வண்டிக்கான லைசென்ஸ் வாங்கி அதை வெளியே எடுத்தான். தபால் பட்டுவாடா செய்கிற பையன், இரண்டு காலும் நன்றாக இருக்கிறது. இருந்தும் அப்பா செய்ததைக் கழற்ற அவனுக்கு மனசு வரவில்லை, வீட்டில் யாருக்குமே வரவில்லை.

இன்ஷூரன்ஸ் படிவத்தை நிரப்பியது நெரிஸ். அந்த வீட்டில் படிவம் என்றால் அவள்தான். பள்ளிச் சமையற்கட்டில் மதிய மணி அடிக்குமுன் போனை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டு வந்தாள். ‘கம்பெனி செய்த நிலையிலிருந்து வண்டியில் ஏதாவது மாற்றம் உண்டா?’ என்று ஒரு கேள்வி வந்தது. முதலில் ‘ஆம்’ என்றுதான் அழுத்தினாள். நீளமாக ஒரு பட்டியல் விரிந்தது. சத்தம் போடுகிற சைலன்சர், கலர் விளக்கு, ஸ்டிக்கர், பந்தய சீட்டு. எல்லாம் பசங்கள் பகட்டுக்குச் செய்கிறவை. கட்டைவிரல் ப்ரேக் அதில் இல்லை. போன் செய்யுங்கள் என்றது. செய்தாள். நாற்பது நிமிஷம் பாட்டுப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். மணி அடித்துவிட்டது, முந்நூறு பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கிறார்கள்.

கால் வராத மனுஷன் செய்துகொண்ட வேலை எப்படி மாற்றம் ஆகும், அந்த வண்டியே அப்படித்தானே என்று அவளுக்குத் தோன்றியது. ‘இல்லை’ என்று அழுத்திவிட்டாள். சாயங்காலம் கெத்தின், ப்ரேக்கைப் பற்றிச் சொன்னாயா அம்மா என்று கேட்டான். எல்லாம் முடிஞ்சுது போடா என்றாள்.

அந்த ‘இல்லை’ இப்போது வந்து நிற்கிறது. டெலித்துக்குச் சேர வேண்டியதைச் சட்டப்படி கம்பெனி கொடுத்துவிடும். அதில் சந்தேகமில்லை. கொடுத்துவிட்டு, தெரிந்தே மறைத்தாய் என்று கெத்தின் பக்கம் திரும்பினால், அந்தப் பையன் தலை நரைக்கும்வரை சம்பளத்தை அவர்களுக்குத்தான் கட்டிக்கொண்டிருப்பான். இருபத்து நாலு வயசு.

பத்து மணி பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். க்ளெனிஸ் சாயங்காலம்தான் அங்கே வருவாள் என்பதால் காலையில் போவதே இவள் வழக்கம்.

டெலித் மல்லாந்தபடியே கிடந்தாள். திரும்பக் கூடாது என்று இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்திருந்தார்கள். முகம் பாதியாகியிருந்தது. கொஞ்ச நேரம் மழையைப் பற்றியும் பக்கத்துப் படுக்கைக்காரியின் குறட்டையைப் பற்றியும் பேசினார்கள். பிறகு அந்தப் பெண் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“ஆன்ட்டி, கெத்தின் ஏன் வரவே மாட்டேங்கிறான்? என் மேல கோபமா?”

“உன் மேல என்னடி கோபம்?”

“நான்தானே அசைஞ்சேன். ஆட்டைப் பார்த்ததும் பயந்து அந்தப் பக்கம் சாஞ்சுட்டேன். பின்னால உக்கார்றவ அசையக் கூடாதுன்னு அவன் எத்தனை தடவை சொல்லியிருக்கான். பைக் க்ளப்புக்காரங்க பார்க்க வந்தப்பவும் அப்படித்தான் இருக்கும்னாங்க. இன்ஷூரன்ஸுக்கும் எழுதிக் கொடுத்துட்டேன்.”

“உனக்கு நெஜமா ஞாபகம் இருக்கா?”

“சரியா இல்ல. ஆனா அதாத்தான் இருக்கணும். வேற எப்படி விழும்?”

நெரிஸ் அவள் நெற்றியை வருடினாள். உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது உண்மை. அந்தப் பெண்ணே எழுதிக் கொடுத்துவிட்டாள் என்றால் ப்ரேக்கைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள்? வெட்கப்பட வேண்டிய நிம்மதிதான். அதைப் பஸ்ஸில் வீடு வரைக்கும் கூடவே கொண்டுவந்தாள்.

ஒரு மணிக்கு மூத்த மகள் லோவ்ரி ஒர்க்‌ஷாப் உடுப்போடு வந்து இறங்கினாள். வண்டிகளுக்கு வருடா வருடம் எஃப்.சி. பார்த்துச் சான்று கொடுக்கிற லைசென்ஸ் உள்ளவள். ஊரில் அந்த வேலையில் இருக்கிற ஒரே பெண். ஞாயிற்றுக்கிழமையே அம்மாவும் பெண்ணும் பேசி வைத்ததுதான். இட்ரிஸ் எதையும் தூக்கிப் போடுகிற ஆள் இல்லை. கழற்றிய பழைய பெடல், ஸ்ப்ரிங், இழுகம்பி, போல்ட்டு, நட்டு எல்லாவற்றையும் எண்ணெய்த் துணியில் சுற்றி பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தான்.

“அரை மணி நேர வேலைம்மா. மாட்டிட்டு நான் போய்ட்டே இருப்பேன். யாரு கேட்டாலும் நான் இன்னிக்கு இங்க வரவே இல்ல.”

“மாட்டினா உன் லைசென்ஸ் போகும்னு சொன்னியே.”

“மாட்டிக்கிட்டாத்தானே.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள், அந்தச் சிரிப்பில் ஒன்றுமில்லை. ஜோடனை என்று தெரிந்தால் லைசென்ஸோடு நிற்காது, கோர்ட்டுக்குப் போகும் என்பது அவளுக்குத் தெரியும். இருந்தும் தம்பிக்காக வந்து நின்றாள்.

நெரிஸ் ஸ்பேனர்களை எடுத்துக் கொடுத்தாள். கட்டைவிரல் லிவர் கழன்று வந்தது. கைப்பிடியில் அது இருந்த இடம் மட்டும் பளிச்சென்று வளையமாகத் தெரிந்தது. லோவ்ரி அதில் க்ரீஸும் கரியும் கலந்து தேய்த்தாள். போல்ட்டுத் தலையில் ஸ்பேனர் பட்ட கீறல்களுக்கு மேல், கெத்தினின் பூட்ஸில் காய்ந்திருந்த மலைச் சேற்றைக் குழைத்து அப்பினாள். பெடலை மாட்டியதும்தான் பெரிய சங்கடம் தெரிந்தது. வண்டி புதிதாக இருந்தபோதே கழற்றியது அது; ரப்பரில் கால் பட்டே பன்னிரண்டு வருடமாகிறது, வரிகள் கொஞ்சம்கூடத் தேயவில்லை. ஏப்ரலிலிருந்து தினமும் மிதிபட்ட ரப்பர் என்று எந்தச் சர்வேயரும் நம்பமாட்டான். லோவ்ரி உப்புத்தாளை எடுத்து அதன் ஓரத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். பெருவிரல் எங்கே படுமோ அங்கே அதிகமாக, உள்பக்கம் குறைவாக. வேலை தெரிந்த கை.

வாசலில் நிழல் விழுந்தது. கெத்தின். மூன்று வாரமாக மாடி அறையை விட்டு அதிகம் இறங்காதவன், ஒடிந்த கையைக் கழுத்துத் தூளியில் போட்டுக்கொண்டு நின்றான். எவ்வளவு நேரமாக நின்றானோ.

“அவ அசையல” என்றான்.

“யாருடா?”

“டெலித். க்ளப்புக்காரங்க அவ அசைஞ்சான்னு சொல்றாங்களே, அவ அசையவே இல்ல. என் முதுகுல மூஞ்சியை வெச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தா. மழையில க்ளவுஸ் ஊறி எனக்கு விரலெல்லாம் விறைச்சுப் போச்சு. ஆடு வந்ததும் கட்டைவிரல் லிவரைத் தேடுச்சு, கெடைக்கல. கால் தன்னால போய் மிதிச்சுது. அங்க ஒண்ணுமே இல்ல. பயத்துல முன் ப்ரேக்கை இறுக்கிட்டேன். வழுக்கிருச்சு.”

லோவ்ரியின் கையில் உப்புத்தாள் நின்றுவிட்டது. கெத்தின் குனிந்து புதிதாக மாட்டிய பெடலைப் பார்த்தான்.

“இதை அன்னிக்கு மாட்டியிருந்தா...” என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டான்.

ஏன்டா இத்தனை நாள் சொல்லவில்லை என்று நெரிஸ் கேட்டாள். அப்பா செய்ததால் விழுந்தேன் என்று எந்த வாயால் சொல்வது என்றான். நெரிஸுக்குக் கோபம் பொங்கியது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. இட்ரிஸ் தன் காலுக்குச் செய்துகொண்டான், அதில் அவன் ஒரு நாளும் விழவில்லை. அதை நல்ல கால் உள்ளவனுக்குக் கொடுத்தது அவர்கள். சின்ன வண்டியில் காலால் மிதித்தே பழகியவன் கெத்தின். சாமி விக்கிரகம் போல யாரும் தொடாமல் விட்டுவிட்டு, கேட்ட இடத்தில் ‘இல்லை’ என்று சொன்னது அவள். ‘ஆம்’ என்று சொல்லியிருந்தால் கம்பெனியிலிருந்து ஒரு ஆள் நாலு கேள்வி கேட்டிருப்பான், உனக்கு எதற்கப்பா இது என்று கேட்டிருப்பான், அன்றைக்கே கழற்றியிருப்பார்கள். இதெல்லாம் அவளுக்கு அந்தக் கொட்டகையில் நின்றபோதுதான் உறைத்தது.

லோவ்ரி எழுந்து நின்றாள். மணி இரண்டேகால்.

“அம்மா, பழையபடி மாத்திடட்டுமா? நேரம் இருக்கு.”

நெரிஸ் மகனைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக் கூரையைப் பார்த்துக் கிடந்த பெண்ணும் நினைவுக்கு வராமல் இல்லை. வந்தாள். நெரிஸ் அவளை ஒதுக்கி வைத்தாள்.

“வேண்டாம், மாட்டி முடி” என்றாள்.

“அப்ப டெலித்?” என்றான் கெத்தின்.

“அவளுக்கு வர வேண்டியது எப்படியும் வந்துடும். உண்மையைச் சொன்னா அவளுக்கு ஒரு பைசா கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. உனக்குத்தான் வாழ்க்கை போகும். இப்ப உங்கக்காவும் சேர்ந்து போவா, பாத்துக்கோ.”

“அவ தன்னாலதான் விழுந்தோம்னு நெனைச்சுக்கிட்டுக் கெடக்காம்மா.”

“அதை நான் பேசிக்கிறேன். அப்புறமா, பக்குவமா.”

எப்போது என்று அவன் கேட்கவில்லை. லோவ்ரி இருவரையும் பார்க்காமல் மறுபடி ரப்பரைத் தேய்க்க உட்கார்ந்தாள். முடித்துவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் தம்பியை அந்த முகத்தோடு விட்டுப்போகப் பயந்து, உடுப்பை மட்டும் மாற்றிக்கொண்டு அடுக்களையில் தங்கிவிட்டாள்.

சர்வேயர் சரியாக மூன்றுக்கு வந்தார். ஹோஸ்கின் என்று பெயர். அறுபதை நெருங்கிய, மெதுவாகப் பேசுகிற மனிதர். நெரிஸ் ஒரு முரடனை எதிர்பார்த்துத் தன்னைத் தயார் செய்து வைத்திருந்தாள், இவரோ வாசலில் ஷூவைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். டீ வேண்டாம் என்றார். கொட்டகையில் படம் எடுத்தார், டயரை அழுத்திப் பார்த்தார், கைப்பிடி பக்கம் டார்ச் அடித்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, பெடலைக் கையாலேயே இரண்டு தடவை அமுக்கினார். ரப்பர் மேல் விரலை ஓட்டினார். நெரிஸ் அந்த விரல் நுனியையே பார்த்தாள்.

பின் ப்ரேக் நன்றாகவே பிடிக்கிறது என்றார். இந்தக் காலத்தில் பழைய வண்டியை இப்படிக் கைவைக்காமல் காப்பாற்றுகிறவர்கள் குறைவு என்றும் சொன்னார். பாராட்டாகத்தான் சொன்னார்.

அடுக்களை மேஜையில் உட்கார்ந்து தாளை எடுத்து வைத்தார். கெத்தின் எதிரே உட்கார்ந்தான்.

“பின்னால இருந்த பொண்ணு, பயந்து ஒரு பக்கமா சாஞ்சுட்டதா எழுதிக் கொடுத்திருக்காங்க தம்பி. நீங்க என்ன சொல்றீங்க, அதனாலதான் வண்டி நிலை தவறுச்சா?”

கெத்தின் வாயைத் திறந்தான். பாத்திரம் கழுவும் தொட்டியருகே லோவ்ரி அசையாமல் நின்றாள். சர்வேயர் பேனாவைத் தாள் மேல் வைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார்.

“ஆமாங்க” என்றாள் நெரிஸ். “இன்னிக்குக் காலையில கூட அந்தப் பொண்ணே என்கிட்ட அதைத்தான் சொன்னா. இவனுக்கு அதைப் பத்திப் பேசவே கஷ்டமா இருக்கு.”

புரிகிறது என்பது போல அவர் தலையாட்டினார், எழுதிக்கொண்டார். கெத்தின் இடது கையால் கையெழுத்துப் போட்டான். இரண்டாம் வகுப்புப் பையன் எழுதியது போல வந்தது. அவர் அதற்கும் ஆறுதலாக ஏதோ சொல்லிவிட்டு, மழைக் கோட்டை மாட்டிக்கொண்டு போனார்.

கார் தெருமுனை திரும்பியது. பிறகு லோவ்ரி ஜன்னலோரம் உட்கார்ந்து கைகளைப் பார்த்துக்கொண்டாள். எத்தனை சோப்புப் போட்டும் நக இடுக்கில் கரி போகவில்லை. கெத்தின் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். தப்பித்தோம் என்று சொல்ல நெரிஸுக்கு ஆசையாக இருந்தது. சொல்ல ஆளில்லை.

நாலரைக்குக் கதவு தட்டப்பட்டது.

சர்வேயர்தான் எதையோ மறந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார் என்று நெரிஸ் கிலியோடு போய்த் திறந்தாள். க்ளெனிஸ் நின்றிருந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவள், கோட்டோடு, கையில் பஸ் சீட்டோடு. மூன்று வாரத்தில் முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தாள். அழுத கண்.

“நான் உள்ள வர்ல நெரிஸ், பஸ்ஸுக்கு நேரமாச்சு. மத்தியானம் டெலித் போன் பண்ணினா. நீ காலையில வந்துட்டுப் போனேன்னு சொன்னா. எல்லாத்தையும் சொல்லிட்டா.”

நெரிஸ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவதான் சாஞ்சாளாமே. இத்தனை நாள் என்கிட்ட சொல்லப் பயந்துக்கிட்டு இருந்திருக்கா. நான் பாட்டுக்கு உம் பையனைக் கொலைகாரன்னு தெருவுல நின்னு கத்தினேன். ஆஸ்பத்திரி வாசல்ல அவன் மூஞ்சிக்கு நேரா, என் பொண்ணு பக்கமே வராதேன்னேன். அவனும் பாவம், வாயே தொறக்கல. எம் பொண்ணைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னுதானே பேசாம நின்னான்? அப்பேர்ப்பட்ட பையனை...” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எம் பொண்ணு செஞ்ச தப்புக்கு நான் மன்னிப்புக் கேக்கறேன் நெரிஸ்.”

தெருவில் மழை பெய்துகொண்டிருந்தது. இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்கிறேன். ஆனால் படிவத்தில் ஒரு தடவையும் சர்வேயரிடம் ஒரு தடவையும் பொய் சொன்னவளுக்கு மூன்றாவது தடவை பெரிய கஷ்டமாக இருக்கவில்லை.

“அதெல்லாம் எதுக்கு க்ளெனிஸ்” என்றாள் நெரிஸ். “சின்னப் பொண்ணு. அவ மேல எங்க யாருக்கும் வருத்தம் இல்லைன்னு சொல்லு. மன்னிச்சாச்சுன்னு சொல்லு.”

க்ளெனிஸ் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்தத் தோளுக்கு மேலாக எதிர்வீட்டு ஜன்னல் தெரிந்தது. திரை விலகியிருந்தது. நெரிஸும் அழுதாள்.

பின்னால் மாடிப்படி கிறீச்சிட்டது. கெத்தின் இறங்கி வந்து கடைசிப் படியில் நின்றான். அவன் முழுவதையும் கேட்டிருக்கிறான் என்பது முகத்திலேயே தெரிந்தது. அடுக்களையிலிருந்து லோவ்ரி வேகமாக வெளியே வந்தாள். தம்பியின் ஒடியாத கையைப் பிடித்தாள். அவன் அதை மெல்ல விடுவித்துக்கொண்டு, என்னை மன்னிச்சிடுக்கா என்று அவளிடம் மட்டும் கேட்கும்படி சொன்னான்.

“ஆன்ட்டி, அந்த பஸ்ஸை விட்டுடுங்க” என்றான் க்ளெனிஸிடம். “டெலித் அசையல. அவ மேல ஒரு தப்பும் இல்ல.”

நெரிஸ் அவன் பெயரைச் சொல்லி அதட்டினாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

க்ளெனிஸ் நெரிஸின் தோளிலிருந்து கையை எடுத்தாள். நெரிஸின் முகத்தையும் பையன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கோட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“சொல்லு” என்றாள்.